பெட்டிசத்து விதவை

பேணாட்டின் மகள் கிறிஸ்டின் எழுதிய பெட்டிசங்களில் புருஷன் உயிரோடிருந்த பெண்கள் மிகக் குறைவு.

திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு ஏறும் தெருவின் திருப்பத்தில் அவர்களுடைய வீடு. முன்னறையில் ஒரு மேசை, மூன்று கதிரை, எழுத்துகள் ஒட்டிப் பிடிக்கும் ஒரு பழைய டைப்ரைட்டர். ஊரார் தமிழில் சொல்லும் முறைப்பாடுகளை பேணாட் இருபத்தெட்டு வருடம் அந்த மேசையிலிருந்து ஆங்கிலத்தில் மனுவாக எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அவர் காய்ச்சலில் போனபின் மேசையும் வாடிக்கையும் மகளுக்கு வந்தன. பெண்பிள்ளை பெட்டிசம் எழுதுவதா என்று முதல் மாதம் ஊர் முகம் சுளித்தது. இரண்டாம் மாதம் வாசலில் வரிசையில் நின்றது. கிறிஸ்டினுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கலியாணம் சரிவரவில்லை. கை மட்டும் நல்ல வேகம்.

துரைமார் முதல் வரியைத்தான் வாசிப்பார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதில் 'விதவை' என்று இருந்தால் இரண்டாவது வரியையும் வாசிப்பார்கள். ஆகவே கிறிஸ்டினின் கையில் ஊர்ப் பெண்கள் தாலியோடு வந்து விதவைகளாகத் திரும்பினார்கள். அதை யாரும் பொய் என்று நினைக்கவில்லை. கடிதத்தின் மேல் மூலையில் திகதி போடுவதுபோல அதுவும் ஒரு முறை, அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கிண்ணியாவிலிருந்து தோணியில் வருகிறவர்கள் பொழுது சாயமுன் திரும்ப வேண்டும். டைப் பண்ணி முடியும்வரை காத்திருக்க ஏலாது. அவர்கள் வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்தையோ பெருவிரலையோ வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சத்தைக் கிறிஸ்டின் மேலே நிரப்பிக்கொள்வாள். ஊரின் பெருவிரல்கள் ஒரு கட்டாக அவளுடைய மேசை லாச்சிக்குள் கிடந்தன. இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்போது ஒருவரும் பயப்படவில்லை.

மில்டா அந்த வீட்டுக்கு வந்தது 1940 ஆவணியில்.

லத்வியா என்ற நாட்டின் சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றபோது அந்த நாட்டையே ரஷ்யா விழுங்கிவிட்டது. பிரிட்டிஷ்காரர் கப்பலைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மாலுமிகளையும் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சின் பொறுப்பாளர் யானிசின் மனைவி மில்டாவை மட்டும், யுத்த வேலைக்குப் போகும் கப்பலில் பெண்ணுக்கு இடமில்லை என்று கரையில் இறக்கிவிட்டார்கள். அவளிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உடுப்பு, மற்றதில் அகராதிகள். கிறிஸ்டினின் தாய் மரியம்மா பின்னறையை அவளுக்கு வாடகைக்குக் கொடுத்தாள். போகுமுன் யானிஸ் மனைவியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். இந்த வீட்டை விட்டு அசையாதே. கப்பல் எந்தச் சமுத்திரத்தில் சுற்றினாலும் ஒருநாள் நல்ல தண்ணீர் ஏற்ற இங்கே வரும். அன்றைக்கு நான் இந்தக் கதவைத்தான் தட்டுவேன்.

ரீகா நகரத்தில் மில்டா பேர்பெற்ற எழுத்தாளர் என்பதை மரியம்மா நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது. சொந்தமாக இரண்டு நாவல், மொழிபெயர்ப்பாகப் பதினொரு புத்தகம். பள்ளிக்கூடத்தில் அடித்துப் படிப்பித்த ரஷ்ய மொழி, பண்ணை முதலாளிமார் வீட்டில் காதில் விழுந்த ஜெர்மன், அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்த ஆங்கிலம். இந்த மூன்றிலிருந்தும் அவள் தன் மொழிக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். அதைப் பேசுகிற சனம் மொத்தமே இருபது லட்சம். "சின்னப் பாஷை, அம்மா. சன்னலைத் திறந்து வைக்காட்டி மூச்சு முட்டும்" என்று மரியம்மாவிடம் சொன்னாள். அவளுடைய தமிழ் குசினி அடுப்படியில் கற்ற தமிழ். ஒன்றரை வருடத்தில் நன்றாகவே வந்துவிட்டது. ஒருமை மட்டும் வரவில்லை. காகத்தைத் துரத்தினால்கூட "நீங்கள் போங்கோ" என்றுதான் துரத்துவாள்.

அவளுடைய புத்தகங்களை ரீகாக் கடைகளிலிருந்து அகற்றிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து வந்த கடைசிக் கடிதம் சொன்னது. அதன்பிறகு அங்கே ஜெர்மன்காரர் புகுந்தார்கள். கடிதமும் நின்றது. ஆக, இந்தச் சமுத்திரத்தின் இந்தப் பக்கத்தில் அவள் எழுதுவதை வாசிக்கக்கூடிய ஒரே ஆள் யானிஸ்தான். அவன் பெரிய படிப்பாளி அல்ல. ஆனால் அவள் எழுதியதையெல்லாம் கையில் பென்சிலோடு வாசிப்பான். எந்தச் சொல்லை நம்பவில்லையோ அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் கோடு போடுவான். வேறு ஒன்றும் எழுதமாட்டான். அந்தக் கோடு விழுந்த இடமெல்லாம் பொய்யாகத்தான் இருந்தது என்று மில்டா பெருமையாகச் சொல்லுவாள்.

சும்மா இருக்க அவளால் ஏலவில்லை. பெட்டிச மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்து சனம் சொல்வதைக் கேட்கத் தொடங்கினாள். கரையைக் கடற்படை எடுத்ததால் மீன்பிடி வாடியை இழந்தவர்கள், வலை போட அனுமதி கேட்டவர்கள், எண்ணெய்த் தாங்கிகளுக்காகக் காணி விட்டவர்கள். வாயால் சொன்னது சொன்னபடி தன் மொழியில் எழுதினாள். இது ஒரு புத்தகம் ஆகும் என்றாள். எந்தச் சனத்துக்கு, எப்போது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒருநாள் கிண்ணியாவிலிருந்து றுக்கியா வந்து, இழந்த வாடிக்கு மாற்றுக் காணி கேட்டு வெற்றுத் தாளில் பெருவிரலை வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய புருஷன் அப்துல் மஜீத் அவ்வளவு நேரமும் வாசலில் வெற்றிலை மென்றபடி நின்றான். அவர்கள் போனபின் கிறிஸ்டின் டைப் பண்ணியதை மில்டா எட்டிப் பார்த்தாள்.

"கிறிஸ்டின், அந்த மனுசன் வாசலில நிண்டவர். உங்கட கடதாசியில செத்திட்டார். நான் எதை எழுதுறது?"

"அது அப்பிடித்தான் எழுதுறது, அக்கா."

"அவருக்குத் தெரியுமோ?"

"நாளைக்கு அவரே கொண்டுபோய்க் கச்சேரியில குடுப்பார்."

கிறிஸ்டின் சிரித்தாள். மில்டா சிரிக்கவில்லை. "பொய்யான சொல்லை மொழிபெயர்க்கலாம். ஆனால் அதுக்குப் பிறகு அது ரெண்டு பாஷையில பொய்" என்றாள். கிறிஸ்டினுக்குச் சுருக்கென்றது. இவ பெரிய ஆள், பசித்த சனத்துக்காக எழுதிப் பார்த்தால் தெரியும் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

றுக்கியாவுக்குக் காணி கிடைத்தது. சில மாதம் கழித்து மஜீத் வந்து மேசையில் சாய்ந்துகொண்டு நின்றான். கப்பல்களுக்கு நல்ல தண்ணீர் ஏற்றும் படகில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. துறைமுகப் பாஸ் எடுக்கப் போனால், பதிவுப் புத்தகத்தில் ஆள் உயிரோடில்லை என்றார்களாம்.

"என்னை மவுத்தாக்கிப் போட்டீங்களே, தங்கச்சி. இப்ப தம்பியிட பேரில பாஸ் எடுத்திருக்கன். மவுத்தானவனுக்குத் தம்பி இருந்தது நல்லதாப் போச்சு."

எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். மரியம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். கிறிஸ்டின் அன்றைக்குக் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

1942 பங்குனியில், தபசு காலத்து நோன்பு வெள்ளிக்கிழமை ஒன்றில், கட்டளை வந்தது. ஜப்பான்காரர் சிங்கப்பூரைப் பிடித்துவிட்டார்கள். துறைமுக ஊரில் அந்நியர் எவரும் இருக்கக்கூடாது. மில்டாவின் நாடு இப்போது ஜெர்மன்காரன் கையில் இருப்பதால் அவள் எதிரி நாட்டவள் கணக்கு. அடுத்த கிழமை மலைநாட்டு முகாமுக்கு ஏற்றிவிடுவார்கள். விலக்குக் கேட்பதானால் மறுநாள் மத்தியானத்துக்குள் பெட்டிசம் போய்ச் சேர வேண்டும்.

மில்டாவின் முகம் வெளிறிப்போயிற்று. முகாமுக்கு அவள் பயப்படவில்லை. "யானிஸ் வந்து இந்தக் கதவைத் தட்டேக்க நான் இல்லாட்டி?" என்றாள். அவனுடைய கடைசிக் கடிதம் ஐப்பசியில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"எழுதுங்கோ, கிறிஸ்டின். உள்ளதை எழுதுங்கோ. புருஷன் உங்கட கப்பலில வேலை செய்யிறார், அவர் வரும்வரைக்கும் இருக்க விடுங்கோ. அவ்வளவுதான். ஒரு சொல்லும் கூட வேண்டாம்."

அந்நியர்கள் தினமும் மூன்று மணிக்குப் பொலிசில் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது இரண்டே முக்கால். மில்டா ஒரு வெற்றுத் தாளை எடுத்து, கிண்ணியாக்காரர் செய்வதைப் போல அடியில் கையெழுத்துப் போட்டுக் கிறிஸ்டின் பக்கம் தள்ளினாள். "உங்களில எனக்கு நம்பிக்கை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கிறிஸ்டின் உள்ளதை உள்ளபடி டைப் பண்ணத்தான் உட்கார்ந்தாள். அன்று மட்டும் கச்சேரிக்கு எத்தனை பெட்டிசம் போயிருக்கும் என்று நினைத்தாள். புருஷன் கப்பலில் இருக்கிறான் என்றால் துரைக்கு என்ன? யாருடைய புருஷன்தான் எங்கேயாவது இல்லை? அக்காவுக்கு இங்கத்தைய துரைமாரைத் தெரியாது. எனக்குத் தெரியும். கண் முன்னால் மில்டா லொறியில் ஏறுவது தெரிந்தது. விரல்கள் பழகிய வழியில் போயின. 'யானிஸ் என்ற காலஞ்சென்ற எஞ்சினியரின் ஆதரவற்ற விதவையாகிய நான்.' டைப்ரைட்டரில் ஒட்டிப் பிடிக்கிற எழுத்துகள்கூட அன்றைக்கு ஒட்டவில்லை.

கன்னி மரியே, அந்த மனுசனுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சிலுவை போட்டுக்கொண்டு கடித உறையை ஒட்டினாள்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. 'மனுதாரர் கணவனை இழந்தவர் என்பதைக் கருதி' ஆனி முடியும்வரை தங்க அனுமதி. உள்ளே அனுமதி அட்டையும் இருந்தது. கிறிஸ்டின் அட்டையை மட்டும் மில்டாவிடம் கொடுத்தாள். கடிதத்தை லாச்சிக்குள், பெருவிரல்களுக்குக் கீழே வைத்தாள். மில்டா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். "பார்த்தீங்களோ? உள்ளதைச் சொன்னா அவையளும் மனுசர்தானே." கிறிஸ்டின் அன்று முழுவதும் ஒரு வாய் சோறு தின்னவில்லை. மரியம்மா கேட்டதற்கு, தபசு காலம்தானே என்றாள்.

உயிர்த்த ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. திருகோணமலைச் சனம் பாய், சட்டி, கோழியோடு ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்கியது. மரியம்மா பாலையூற்றில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவோம் என்று நின்றாள். மில்டா அசையமாட்டேன் என்றாள். அவளை விட்டுவிட்டு இவர்களால் போக முடியவில்லை. துறைமுகம் கப்பலால் நிறைந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் சாம்பல் நிறம் பூசிப் பேர்களை அழித்திருந்தார்கள். மில்டா தெரு முனையில் நின்று பார்த்துப் பார்த்துத் திரும்பினாள். புதன்கிழமை பின்னேரம் கப்பல்களெல்லாம் அவசரமாக வெளியே போயின. வியாழன் காலை ஏழரைக்கு விமானங்கள் வந்தன. மூன்று பெண்களும் பெட்டிச மேசைக்குக் கீழே படுத்து மரியம்மாவின் செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகள் உடைந்து விழுந்தன. பிறகு எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. சோற்றிலும் தண்ணீரிலும் கரி விழுந்தது. வெளியே போன கப்பல்களில் சில மட்டக்களப்புப் பக்கம் குண்டுபட்டுக் கடலுக்குள் தாண்டுபோயின என்று சனம் மெதுவாகக் கதைத்தது. எந்தக் கப்பல் என்று எவருக்கும் தெரியாது. கேட்பதும் குற்றம்.

இரண்டு கிழமை கழித்து, மூன்று மணிக்குக் கொஞ்சம் பிந்தி, மஜீத் வந்தான். குண்டு விழுந்த அன்றே குடும்பத்தோடு கடலோரத்தை விட்டு உள்ளே ஓடியவன் அப்போதுதான் திரும்பியிருந்தான். மில்டா பொலிசுக்குப் போயிருந்தாள். அவன் இந்த முறை மேசையில் சாயவில்லை.

"தங்கச்சி, அந்த வெள்ளைக்காரம்மாட மாப்பிள்ளையைக் கண்டனான்."

கிறிஸ்டினின் கை டைப்ரைட்டரிலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவனுடைய படகு தண்ணீர் ஏற்றப் போன கப்பலில் அந்த மனிதன் இருந்தான். உயரமான ஆள், கையெல்லாம் எண்ணெய். கரைக்கு இறங்கப் பாஸ் கேட்டு வந்தான். வீட்டு விலாசம் எழுதிய தாளைக் காட்டினான். பாஸ் கொடுக்கிறவன் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பெண் விதவை, நீ யார் என்று கேட்டான். புருஷன் நான்தான் என்றான் இவன். புருஷன் செத்தவன் என்று எழுதியிருக்கிறது, அவள் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அவர்கள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். செத்தவனின் பேரில் கரை இறங்கப் பார்க்கிறவனை உளவாளி என்று பிடிக்காமல் விட்டதே பெரிது. அவனைத் திரும்பக் கப்பலுக்கே அனுப்பிவிட்டார்கள். மஜீதின் படகில்தான் போனான்.

"எனக்குத் தம்பி இருந்தான். அந்த மனுசனுக்கு ஆரு இருக்கா, தங்கச்சி?" என்றான் மஜீத். பிறகு இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். "விலாசத்தைப் பார்த்ததும் உங்கட வீடெண்டு கண்டன். இதைக் குடுக்கச் சொன்னார். அண்டைக்கும் அடுத்த நாளும் என்னை வேலையை விட்டு விடல்ல. அதுக்குள்ள எல்லாம் நடந்திட்டு."

"அந்தக் கப்பலும் வெளியில போனதோ?"

"ஓம். புதன் பின்னேரம் போனது. அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியா."

அவன் போனபின் கிறிஸ்டின் தாளை விரித்தாள். பென்சிலால் எழுதிய நாலு வரி. மில்டாவின் மொழி, ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் ஒரேயொரு ஆங்கிலச் சொல் இருந்தது. புத்தகத்தில் பார்த்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறான். 'விதவை' என்ற சொல். அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவைக் கோடு.

இருபது லட்சம் பேர் பேசுகிற மொழியில் எழுதிய கடிதத்தில் கிறிஸ்டினால் வாசிக்க முடிந்தது அவள் எழுதிய பொய் ஒன்றுதான்.

குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த மரியம்மா கிட்ட வந்தாள். "குடுக்காதை, பிள்ளை. அடுப்பு எரியுது. ஒருத்தருக்கும் தெரியவராது. அவள் இன்னும் கொஞ்ச நாள் எதிர்பார்த்துக்கொண்டாவது இருக்கட்டும்." தாய் சொன்னதில் இரக்கமும் இருந்தது, மகளைப் பற்றிய பயமும் இருந்தது. கிறிஸ்டினுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடுப்பு எட்டடி தூரத்தில் எரிந்தது. வாசல் படலை திறக்கும் சத்தம் கேட்கும்வரை அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

மில்டா உள்ளே வந்து குடையை மூலையில் சாத்தினாள். கிறிஸ்டின் தாளை நீட்டினாள். எழுத்தைக் கண்டதும் மில்டாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க ஏலாமல் லாச்சியை இழுத்து அடியில் கிடந்த கடிதத்தை எடுத்தாள். அதையும் மேசையில் வைத்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெற்றுத் தாளில் என்ன எழுதினாள், ஏன் எழுதினாள், மஜீத் என்ன சொன்னான், கப்பல் எப்போது போனது. ஒன்றையும் மறைக்கவில்லை. தன் பக்க நியாயத்தை மட்டும் சொல்லவில்லை.

மில்டா நின்றபடியே நாலு வரியையும் பலமுறை வாசித்தாள்.

"என்ன எழுதியிருக்கு, அக்கா?" மரியம்மாதான் கேட்டாள். வயதில் மூத்தவள் அக்கா என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

"என்னை விதவை எண்டு சொல்லுகினமாம். அந்த விதவை அம்மாவைக் கண்டால் தன்ர அனுதாபத்தைச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறார்." மில்டாவின் உதடு சிரிக்கப் பார்த்தது. முடியவில்லை. "பகிடி. அவர் எப்பவும் இப்பிடித்தான். நான் அந்தச் சொல்லை எழுதமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும்." பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சத்தமாக அழவில்லை. சத்தமாக அழுதிருந்தால் கிறிஸ்டினுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் அவள் கிறிஸ்டினோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை வந்து பெட்டிச மேசைக்கு முன்னால், வழக்கமான பக்கத்துக் கதிரையில் இல்லாமல், ஊர்ச் சனம் அமரும் கதிரையில் அமர்ந்தாள். கையில் பென்சில் இருந்தது.

"ஒரு பெட்டிசம் எழுதோணும். பதிவுப் புத்தகத்தைத் திருத்தச் சொல்லி. என்ர புருஷன் உயிரோட இருக்கிறார் எண்டு எழுதுங்கோ."

"அக்கா, அப்பிடி எழுதினா விலக்கை எடுத்துப்போடுவினம். உங்களை முகாமுக்கு ஏத்திப்போடுவினம்."

"ஓம். ஏத்தட்டும். அவர் திரும்பி வந்து கேட்கேக்க அந்தப் புத்தகத்தில அவர் உயிரோட இருக்கோணும்."

கிறிஸ்டின் டைப் பண்ணினாள். முதல் வரியில் ஆதரவற்ற யாரும் இல்லை. நாலே வரி. அவள் எழுதிய மிகச் சின்னப் பெட்டிசம் அதுதான். தாளை உருவி மேசையில் வைத்தாள்.

மில்டா இந்த முறை வாசித்தாள். பென்சில் முனையை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு சொல்லாகப் போனாள். 'உயிரோடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அங்கே ஒரு கோடு விழப்போகிறது என்று கிறிஸ்டின் நினைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமோ?"

மில்டா நிமிரவில்லை.

"தெரியாது" என்றாள். "அது அப்பிடித்தான் எழுதுறது."

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.